தரப்படுத்தல்: செய்து பார்த்த சில கணக்குகள்

ஈழத்தமிழர் எந்த நாட்டிற் குடியேறியிருந்தாலும் அவர்களது பேச்சில் மாறாமல் நிலைத்துவிட்ட அரசியற் சொற்கள் சில உண்டு. 'தரப்படுத்தல்' அவற்றுள் ஒன்று. ரொறன்ரோவிலோ பாரிசிலோ அறுபது வயதைக் கடந்த ஒருவரிடம் இச்சொல்லைச் சொன்னால் போதும். தனக்கோ தன் அண்ணனுக்கோ ஒரு சில புள்ளிகளாற் கைநழுவிய பல்கலைக்கழக அனுமதியைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். ஆனால் தரப்படுத்தல் என்பது எவ்வாறு செய்யப்பட்டது, ஒரு மாணவனின் விடைத்தாளில் இருந்த 60 என்ற எண் எந்த வழியால் வேறோர் எண்ணாக மாறியது என்று கேட்டால் பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கும். அரை நூற்றாண்டாக நாம் பேசிவரும் அநீதி ஒன்றின் உள்ளே புள்ளிவிபரவியற் பாடநூலின் முதலிரண்டு அத்தியாயங்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைத் திறந்து பார்த்தவர்கள் நம்மிற் குறைவு.

நான் கலைப்பட்டதாரி. பத்திரிகைத் தொழிலில் எண்களோடு எனக்கிருந்த உறவு தேர்தல் முடிவுகளோடும் வரவுசெலவுத்திட்டத்தோடும் நின்றிருந்தது. 2012ஆம் ஆண்டின் முற்பகுதியில், இசட் புள்ளி விவகாரம் நாடெங்கும் கொதித்துக்கொண்டிருந்த காலத்தில், ஆசிரியபீடத்துத் தொலைபேசிக்கு நாள்தோறும் பெற்றோரின் அழைப்புகள் வந்தன. அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்லவேண்டுமாயின் அந்தக் கணக்கை முதலில் நானே செய்து பார்க்கவேண்டும் என்று தோன்றியது. வெள்ளவத்தையில் வசித்த, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரிடம் சென்றேன். ஊரார் எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'தான். நான் கையோடு கொண்டுபோன சூத்திரத்தை அவர் வாங்கிப் பார்க்கவேயில்லை. "தம்பி, சூத்திரத்தைப் பிறகு பாப்பம். முதல் இந்த ஐஞ்சு எண்ணையும் கையாலை செய்யும்" என்று ஒரு பழைய கடித உறையின் பின்புறத்தில் எழுதித் தந்தார்.

40, 50, 60, 70, 80. ஐந்து மாணவர்கள் ஒரு பாடத்திற் பெற்ற புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 300. ஐந்தால் வகுத்தால் 60. இதுவே இடை. தமிழ்நாட்டு வாசகர்கள் இதனைச் சராசரி என்பார்கள். இனி ஒவ்வொரு புள்ளியும் இடையிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்க்கவேண்டும். முதலாமவர் 20 குறைவு, இரண்டாமவர் 10 குறைவு, மூன்றாமவர் இடையிலேயே நிற்கிறார், அடுத்தவர் 10 கூட, கடைசியானவர் 20 கூட. இந்த விலகல்களைக் கூட்டினால் பூச்சியந்தான் வரும். எந்த எண்களை எடுத்தாலும் அப்படித்தான் வரும். ஆகவே ஒவ்வொன்றையும் வர்க்கிக்கிறார்கள்: 400, 100, 0, 100, 400. கூட்டுத்தொகை 1000, ஐந்தால் வகுத்தால் 200, அதன் வர்க்கமூலம் 14.14. இதுவே நியம விலகல்.

மாஸ்டர் தந்த அடுத்த ஐந்து எண்கள் 58, 59, 60, 61, 62. இங்கும் இடை 60தான். ஆனால் விலகல்களை வர்க்கித்துக் கூட்டினால் 10 மட்டுமே வருகிறது, ஐந்தால் வகுத்தால் 2, வர்க்கமூலம் 1.41. முதல் வகுப்பில் 80 எடுத்தவர் இடையிலிருந்து 20 புள்ளிகள் மேலே நிற்கிறார், 20ஐ 14.14ஆல் வகுத்தால் 1.41. இரண்டாம் வகுப்பில் 62 எடுத்தவர் 2 புள்ளிகள் மேலே, 2ஐ 1.41ஆல் வகுத்தாலும் அதே 1.41. எண்பதும் அறுபத்திரண்டும் ஒன்று! இப்படிக் கிடைக்கும் எண்தான் இசட் புள்ளி. ஒருவர் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதை அது சொல்லாது. தன்னோடு பரீட்சை எழுதியவர்களின் நடுவில் அவர் எங்கே நிற்கிறார் என்பதையே சொல்லும்.

இந்தக் கணக்கை ஒருமுறை பென்சிலாற் செய்து பார்த்தவருக்கு, அதற்குள் ஒரு கேள்வி இருப்பது தானாகவே புலப்படும். தன்னோடு எழுதியவர்கள் என்றால் யார்? வகுப்பிலுள்ளவர்களா, மாவட்டத்திலுள்ளவர்களா, தன் மொழியில் எழுதியவர்களா, நாட்டிலுள்ள அனைவருமா? புள்ளிவிபரவியலாளர் இதனைக் 'குடித்தொகை' என்பர். அந்தக் குடித்தொகை எதுவென்று கணிதம் தீர்மானிப்பதில்லை. கணக்குப் போடத் தொடங்குமுன்னரே யாரோ ஒருவர் தீர்மானித்துவிடுகிறார்.

இந்த அளவுகோல்கள் மனிதரை அளப்பதற்காகப் பிறந்தவையல்ல என்பதையும் இடையிற் சொல்லிவைக்கலாம். ஒரே நட்சத்திரத்தின் நிலையைப் பலமுறை அளக்கும்போது ஒவ்வொரு முறையும் சிறிது பிழை நேர்கிறதே, உண்மையான நிலை எது என்று வானியலாளர்கள் பட்ட கவலையே இவற்றின் தொடக்கம். 19ஆம் நூற்றாண்டிற் பெல்ஜிய நாட்டு வானியலாளர் கெற்றலே, ஸ்கொட்லாந்துப் படைவீரர்கள் ஐயாயிரத்துக்கும் அதிகமானோரின் மார்பளவுகளை எடுத்து, அவையும் அதே மணி வடிவ வளைகோட்டில் அமைவதைக் காட்டினார். ஒரு நட்சத்திரத்தைப் பலமுறை அளந்ததற்கும் பல மனிதரை ஒவ்வொருமுறை அளந்ததற்கும் உள்ள வேறுபாடு அன்று அவரைப் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை. 'நியம விலகல்' என்பதன் ஆங்கிலப் பெயரை 1890களில் இலண்டனிற் கார்ள் பியர்சன் வழக்கிற் கொண்டுவந்தார். அதற்கு எண்பது ஆண்டுகள் கழித்து அது இலங்கையின் தலைவிதிக்குள் நுழைந்தது.

நம்மவர் பேச்சில் ஒன்றாகக் கலந்துவிட்ட இரண்டு நிகழ்ச்சிகளை இங்கே பிரித்துச் சொல்லியாகவேண்டும். 1970 மே மாதத் தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையிலான ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. கல்வியமைச்சர் பதியுதீன் மஹ்மூத். 1970/71 கல்வியாண்டுக்கான அனுமதியில் மருத்துவ பீடத்துக்குத் தமிழ்மொழிமூல மாணவர் 400க்கு 250 புள்ளிகள் பெறவேண்டியிருந்தது. சிங்களமொழிமூல மாணவருக்கு 229 போதுமாயிருந்தது. பொறியியலுக்கு 250உம் 227உம். பௌதிக விஞ்ஞானத்துக்கு 204உம் 183உம். அன்று உயர்தரத்துக்கு நான்கு பாடங்கள். ஆகவே பாடமொன்றுக்கு ஐந்து அல்லது ஆறு புள்ளிகள் வித்தியாசம். இதில் இடையுமில்லை, நியம விலகலுமில்லை. ஒரு சாராருக்குக் கதவின் நிலையை உயர்த்திவைத்தார்கள், அவ்வளவுதான். தமிழ்ப் பரீட்சகர்கள் தம்மவருக்குப் புள்ளிகளை அள்ளிக் கொடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு அதற்கு முன்னர் பரப்பப்பட்டது. அது ஒருபோதும் நிரூபிக்கப்படவில்லை. 1970இல் தமிழ் மாணவர் பேரவை உருவானதும், அதன் ஊர்வலங்களில் நின்ற இளைஞர்கள் சிலர் பின்னர் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதும் வாசகர்கள் அறிந்ததே.

1973இல் வந்ததே சரியான பொருளில் தரப்படுத்தல். வெளிப்படையான இரட்டை வெட்டுப்புள்ளிகள் அவமானமாகத் தோன்றத் தொடங்கியபோது, அதே வேலையைச் செய்யக்கூடிய, ஆனால் அறிவியல் முகம் கொண்ட ஒரு முறை தேவைப்பட்டது. ஒவ்வொரு மொழிமூலத்தையும் தனித்தனிக் குடித்தொகையாகக் கொண்டு, புள்ளிகளை ஒரே அளவுத்திட்டத்துக்குக் கொண்டுவருவது. அதன் விளைவாக, ஒவ்வொரு மொழியிலும் தகுதி பெறுவோரின் விகிதம் அம்மொழியிற் பரீட்சை எழுதியோரின் விகிதத்தை ஒட்டி அமையும். வரலாற்றாசிரியர் சி. ஆர். டி சில்வா எழுபதுகளிலேயே இதனை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். சிங்களப் புலமையாளர் ஒருவர் அன்றே துணிந்து எழுதியது என்பதையும் குறிப்பிடவேண்டும்.

மாஸ்டர் எனக்குத் தந்த மூன்றாவது கணக்கு இதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. முதலாம் குழுவின் புள்ளிகள் 30, 40, 50, 60, 70. இரண்டாம் குழுவின் புள்ளிகள் 40, 50, 60, 70, 80. இரண்டிலும் நியம விலகல் 14.14, இடை மட்டும் 50, 60 என்று வேறுபடுகிறது. இரு குழுக்களையும் தனித்தனியே தரப்படுத்தினால், முதலாம் குழுவில் 60 எடுத்தவருக்கு 0.71 கிடைக்கிறது, இரண்டாம் குழுவில் 60 எடுத்தவருக்குக் கிடைப்பது பூச்சியம். அவர் 70 எடுத்திருந்தாற்றான் முன்னவரின் 60க்குச் சமமாவார். ஒவ்வொருவருக்கும் பத்துப் புள்ளி, சத்தமில்லாமற் கழிந்துபோகிறது.

நான் விடையைக் காட்டியபோது மாஸ்டர், "இது சரியோ, பிழையோ?" என்று கேட்டார். கணக்குச் சரி என்றேன். "கணக்கைக் கேக்கேல்லை. செய்தது சரியோ எண்டு கேக்கிறன்" என்றார். இரண்டாம் குழுவுக்கு வினாத்தாள் இலகுவாக அமைந்திருந்தாலோ, அவர்களின் பரீட்சகர் தாராளமாகப் புள்ளியிட்டிருந்தாலோ, அந்தப் பத்துப் புள்ளிகளைக் கழிப்பது நியாயம். வினாத்தாளும் புள்ளித்திட்டமும் ஒன்றேயாக இருந்து, அந்த மாணவர்கள் உண்மையிலேயே கூடுதலாகப் படித்திருந்தால் அது அநியாயம். இரண்டில் எது உண்மை என்பதை அந்தப் பத்து எண்களைத் தலைகீழாக நின்று பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. 1973இல் அதைக் கண்டுபிடிக்கவேண்டிய தேவை ஆட்சியாளருக்கு இருக்கவில்லை. இரண்டு மொழிமூல மாணவர்களின் சராசரித் திறமை ஒன்றே என்று எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டதைச் சூத்திரம் விடையாகத் திருப்பித் தந்தது.

1974இல் மாவட்டக் கோட்டாவும் சேர்ந்தது. 1969இல் விஞ்ஞானத்துறைக் கற்கைநெறிகளுக்கு அனுமதி பெற்றவர்களில் 27.5 சதவீதத்தினர் நாட்டின் சனத்தொகையில் ஏறக்குறைய 7 சதவீதத்தைக் கொண்டிருந்த வடமாகாணத்தவர்கள். 1974இல் அந்த 27.5 வெறும் 7ஆகச் சுருங்கியது. ஐந்தே ஆண்டுகள். பின்னர், 1976இல் 70 சதவீதம் புள்ளிகளின் அடிப்படையிலும் 30 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும் என்று திருத்தப்பட்டது. 1977இல் ஆட்சியேறிய ஐக்கிய தேசியக் கட்சி அரசு மொழிவாரித் தரப்படுத்தலைக் கைவிட்டது. மாவட்டக் கோட்டாவைக் கைவிடவில்லை. அதற்குள் ஓர் இளந்தலைமுறை பல்கலைக்கழகத்தின் மீதிருந்த நம்பிக்கையை மட்டுமன்றி அரசின் மீதிருந்த நம்பிக்கையையும் இழந்திருந்தது.

மாவட்டக் கோட்டா பற்றி நம்மவர் எழுதும்போது விட்டுவிடும் ஒரு பக்கத்தையும் சொல்லவேண்டும். சொன்னால் யாழ்ப்பாணத்து நண்பர்கள் சிலர் கோபிப்பார்கள், பரவாயில்லை. ஆய்வுகூடம் கண்டிராத மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்கள் சிலர் மருத்துவ பீடத்தின் படியை மிதித்தது அந்தக் கோட்டாவினாலேயே. அவர்களிலும் தமிழர் இருந்தனர், முஸ்லிம்கள் இருந்தனர். கோட்டாவினால் இழந்தவர்களில் கொழும்புப் பாடசாலைகளின் சிங்கள மாணவர்களும் இருந்தனர். யாழ்ப்பாணம் இழந்ததைத் தமிழினம் இழந்தது என்று எழுதிப் பழகிவிட்டோம். மொழியை அளவாகக் கொண்டு புள்ளியைக் குறைத்ததும் வசதியற்ற இடத்தை அளவாகக் கொண்டு வாய்ப்பைப் பகிர்ந்ததும் ஒரே தட்டில் வைக்கக்கூடியவை அல்ல என்பதே என் கருத்து. ஆனால் மலையகத் தோட்டப் பிள்ளைகளுக்கு அந்த மாவட்டப் பங்கிலிருந்து போய்ச்சேர்ந்தது மிகச் சொற்பமே. நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் இடம் கிடைத்தது. லயன் அறைகளுக்குக் கிடைக்கவில்லை. மாவட்டம் என்ற சராசரிக்குள் யாரெல்லாம் மறைந்துபோகிறார்கள் என்பது நியம விலகலைக் கேட்காமல் இடையை மட்டும் கேட்பவர்களுக்குத் தெரிவதில்லை.

இவற்றுக்கெல்லாம் பிறகு, 2000ஆம் ஆண்டளவில் உயர்தரத்தின் நான்கு பாடங்கள் மூன்றாகக் குறைக்கப்பட்டன. மொத்தப் புள்ளியைக் கொண்டு ஒப்பிடுவது நியாயமில்லை என்ற பழைய முறைப்பாடு வலுத்தது. இரசாயனவியலில் 60 எடுப்பதும் வேறொரு பாடத்தில் 60 எடுப்பதும் ஒன்றாகாது என்பது உயர்தரம் படித்த எவருக்கும் தெரியும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புள்ளிவிபரவியற் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில் முன்மொழிந்த இசட் புள்ளிமுறை 2001/2002 கல்வியாண்டு அனுமதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பாடத்திலும் நாடு முழுவதும் அப்பாடத்துக்குத் தோற்றியவர்களே குடித்தொகை. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளின் சராசரியே ஒருவரின் இறுதிப் புள்ளி. அது நான்கு தசமதானங்களுக்குத் தரப்படுகிறது.

கவனிக்கவேண்டியது இங்கேதான். 1973இல் நம்மை வெளியே நிறுத்திய கணக்கும் 2001இல் வந்த கணக்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வேறுபட்டது குடித்தொகை மட்டுமே. முன்னையதில் மொழியாற் பிரித்தார்கள். பின்னையதிற் பாடத்தாற் பிரித்தார்கள். 'மறுபடியும் தரப்படுத்தலா?' என்று அந்நாட்களில் எழுந்த அச்சக் குரல்கள் புரிந்துகொள்ளக்கூடியவையே ஆயினும் கணக்கைப் பார்த்து எழுந்தவையல்ல. இசட் புள்ளிக்கும் குறைகள் உண்டு. கெட்டிக்காரர்கள் மட்டுமே எடுக்கும் ஒரு பாடத்தில் நடுவில் நிற்பவருக்குப் பூச்சியம் கிடைக்கும். எல்லோரும் எடுக்கும் பாடத்தில் நடுவில் நிற்பவருக்கும் அதே பூச்சியந்தான். இரண்டு பூச்சியங்களும் ஒன்றல்ல. கலைப்பிரிவில் எத்தனையோ பாடச் சேர்க்கைகள் இருப்பதால் இந்தக் குறை அங்கேதான் கூடுதலாக உறைக்கும்.

2011இல் நேர்ந்த விபரீதத்துக்கு இப்போது வரலாம். அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் உயர்தரப் பரீட்சை இரண்டு பாடத்திட்டங்களில் நடைபெற்றது. முதன்முறை தோற்றியவர்கள் புதிய பாடத்திட்டத்திலும், இரண்டாம் மூன்றாம் முறை தோற்றியவர்கள் பழைய பாடத்திட்டத்திலும் எழுதினார்கள். வினாத்தாள்கள் வேறு, எழுதியவர்களும் வேறு. டிசெம்பர் இறுதியிற் பெறுபேறுகள் வெளியானபோது இரண்டையும் ஒன்றிணைத்து இசட் புள்ளி கணிக்கப்பட்டிருந்தது. மாவட்ட நிலைகள் பற்றியும் முறைப்பாடுகள் கிளம்பின. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது.

எங்கள் தொலைபேசிக்கு அழைத்த பெற்றோர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பிள்ளையின்ரை புள்ளி அப்பிடியேதான் இருக்கு, இசட் மட்டும் ஏன் மாறுது?" இதற்கான கணக்கை மாஸ்டரும் நானும் சேர்ந்தே அமைத்தோம். புதிய பாடத்திட்டம்: 30, 40, 50, 60, 70. பழையது: 50, 60, 70, 80, 90. தனித்தனியே பார்த்தால் இடைகள் 50உம் 70உம். நியம விலகல் இரண்டிலும் 14.14. புதியதில் முதல்வர் 70 எடுத்தவர், அவருக்கு 1.41. பழையதில் இரண்டாமவர் 80 எடுத்தவர், அவருக்கு 0.71. புதியதின் முதல்வரே முன்னுக்கு நிற்கிறார்.

இப்போது பத்து எண்களையும் ஒன்றாகக் கலப்போம். இடை 60. விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 3000, பத்தால் வகுத்தால் 300, வர்க்கமூலம் 17.32. புதியதின் முதல்வர் இப்போது 10ஐ 17.32ஆல் வகுத்து 0.58 பெறுகிறார். பழையதின் இரண்டாமவர் 20ஐ 17.32ஆல் வகுத்து 1.15 பெறுகிறார். இருவரும் இடம் மாறிவிட்டார்கள். ஒருவருடைய விடைத்தாளிலும் ஒரு புள்ளிகூட மாறவில்லை. மருத்துவத்துக்கு ஓர் இடந்தான் மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த இடம் யாருடையது என்பதைக் கூட்டலும் வகுத்தலும் அல்ல, எதைக் கூட்டுவது என்ற முடிவே தீர்மானித்திருக்கிறது. நான் இந்தப் பத்து எண்களையும் என் கட்டுரையிற் பெட்டி கட்டிப் போட்டேன். அவ்வளவு கால எழுத்து வாழ்க்கையில் அதற்குக் கிடைத்த அளவு வாசகர் கடிதம் வேறெதற்கும் கிடைத்ததாக நினைவில்லை. அவற்றிற் பல, கணக்கைத் தாங்களே செய்து பார்த்துப் படிமுறைகளோடு அனுப்பப்பட்டவை.

2012 ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் அந்த இசட் புள்ளிகளைச் செல்லுபடியற்றவையாக்கி, இரு பாடத்திட்டங்களுக்கும் தோற்றியவர்களைத் தனித்தனிக் குடித்தொகைகளாகக் கொண்டு மீளக் கணிக்கும்படி பணித்தது. அதிலும் எல்லோருக்கும் நியாயம் கிடைத்ததென்று சொல்வதற்கில்லை. தனித்தனியே கணித்தால், இரு குழுக்களும் சராசரியில் ஒரே திறமை கொண்டவை என்று மறுபடியும் எடுத்துக்கொள்கிறோம். இரண்டாம் மூன்றாம் முறை எழுதுபவர்கள் கூடுதல் பயிற்சி பெற்றவர்களா, அல்லது முதன்முறையிலேயே தேறியவர்கள் வெளியேறிவிட்டபின் எஞ்சியவர்களா? இரண்டுக்கும் ஆதரவாக வாதாடலாம். மீள்கணிப்பின் பின்னர் புதிதாகப் பாதிக்கப்பட்டவர்கள் வீதிக்கு வந்தார்கள். இறுதியில் வழமையைவிடக் கூடுதலானோரை அனுமதித்தே அரசு பிரச்சினையைத் தணித்தது. இதில் ஒரு வேறுபாட்டை நான் முக்கியமாகக் கருதுகிறேன். 1973இல் கணக்குப் போட்டவர்களை எவரும் கூண்டில் ஏற்றவில்லை. 2012இல் ஒரு நியம விலகல் நாட்டின் அதியுயர் மன்றத்தில் விசாரிக்கப்பட்டது. முறைப்பாடு செய்த மாணவர்களில் எல்லா இனத்தவரும் இருந்தனர்.

இன்று நடைமுறையிலுள்ள அனுமதி விதிப்படி, பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீதம் வரையான இடங்கள் அகில இலங்கைத் திறமையடிப்படையிலும், 55 சதவீதம் வரையானவை மாவட்டச் சனத்தொகை விகிதப்படியும், 5 சதவீதம் வரையானவை கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. பிள்ளையை வேறு மாவட்டத்துக்கு அனுப்பிப் பரீட்சை எழுதுவிப்பது எப்படி ஒரு கலையாக வளர்ந்தது என்பது தனியே எழுதவேண்டிய கதை. இங்கே அந்த 55 சதவீதத்தை வைத்து ஒரு பயிற்சிக் கணக்கு. சதவீதக் கணக்குத்தான், எட்டாம் வகுப்புப் பிள்ளையும் செய்யும்.

ஒரு கற்கைநெறிக்கு 1000 இடங்கள் என்று கொள்வோம். மாவட்டப் பங்கு 550. 1981 குடிசன மதிப்பீட்டின்படி யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை, கிளிநொச்சி நீங்கலாக, ஏறத்தாழ 7 இலட்சத்து 39 ஆயிரம். நாட்டின் மொத்தம் ஏறத்தாழ 1 கோடியே 48 இலட்சம். விகிதம் 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 550இல் அது 27 இடங்கள். அதன் பின்னர் வடக்கையும் கிழக்கையும் முழுமையாக உள்ளடக்கிய குடிசன மதிப்பீடு 2012 வரை நடைபெறவேயில்லை. 2001இல் எடுத்த கணக்கு அங்கே பல இடங்களைத் தொடமுடியாமற் போயிற்று. 2012இல் யாழ்ப்பாணத்தின் சனத்தொகை ஏறத்தாழ 5 இலட்சத்து 84 ஆயிரம். நாட்டின் மொத்தமோ 2 கோடியே 3 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. விகிதம் 2.87 சதவீதம். 550இல் 16 இடங்கள்.

27இலிருந்து 16ஐக் கழித்தால் 11. இந்தப் 11 இடங்களை எந்த அமைச்சரும் சுற்றறிக்கை போட்டுக் குறைக்கவில்லை. விதியின்படி தாமாகவே குறைந்தவை. வகுத்தற் கோட்டின் மேலே நிற்கவேண்டியவர்களிற் சிலர் இறந்துபோனார்கள். சிலர் தென்னிலங்கையிலும் தமிழகத்திலும் இருந்தார்கள். பெருந்தொகையானோர் இந்தப் பக்கத்தை இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் நாடுகளில் இருக்கிறார்கள். பல்கலைக்கழக அனுமதி கிடைக்காததாற் புறப்பட்டவர்களும் அவர்களில் அடக்கம். மேற்சொன்ன 16 பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இப்போது யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் இடம்பெற்றிருக்கின்றன.

2024இல் மறுபடியும் குடிசன மதிப்பீடு நடைபெற்றது. உங்கள் சொந்த மாவட்டத்தின் எண்ணை எடுத்து நாட்டின் மொத்தத்தால் வகுத்து 550ஆற் பெருக்கிப் பார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு பென்சிலும் பழைய கடித உறையும் போதும். விடையைக் கட்டம் கட்டி எனக்கு அனுப்பிவைத்தால் மகிழ்வேன். படிமுறைகளையும் சேர்த்து எழுதுங்கள்.